பழைய காரைச் சுவருக்கு எதைப் பூசலாம், எதை ஒட்டலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். கும்பகோணம் பக்கம் உங்கள் தாத்தா 1930களில் கட்டிய நாட்டு ஓட்டு வீடு. ரேழியிலும் கூடத்திலும் சுவர் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பழைய காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. பிவிசி பேனல் போட்டால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார் உங்கள் தம்பி. உங்கள் மனைவிக்கு வால்பேப்பர் ஆசை. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உப்புப் பூக்கும் அந்தச் சுவர்களுக்கு இந்த மூன்றுமே சரிவராது. அங்கே சுண்ணாம்புக் காரையையே மறுபடி பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். காய்ந்து நிற்கும் மற்ற சுவர்களில் வால்பேப்பர் ஆசையைத் தாராளமாக நிறைவேற்றலாம். ஒரு வீடு முழுக்க ஒரே மாதிரி பூச்சுதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு சுவரையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இப்போது நாம் பூசும் சாதாரண சிமென்ட், அதாவது போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824இல். குஜராத்தின் போர்பந்தரில் சிமென்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1914இல். ஆனாலும் உங்கள் தாத்தா வீடு கட்டிய காலத்தில் தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் சுவர் என்றால் நாட்டுச் செங்கல், உள்ளே சுண்ணாம்புச் சாந்து அல்லது வெறும் மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு, அவ்வளவுதான். இப்போது அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு அடுக்கு போடுகிறோமே, அது அந்த வீடுகளில் கிடையாது. மண்ணில் இருக்கும் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றும். காவிரிப் பாசனப் பகுதியில் வாய்க்காலும் குளமும் பக்கத்திலேயே இருப்பதால் இந்த ஈரம் வற்றுவதே இல்லை. மூன்றடி, நான்கடி வரைகூட ஏறும்.

ஏறிய ஈரம் எங்கேயாவது வெளியேறியாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் நிறைய இருப்பதால் அதன் வழியாக ஆவியாகிப் போய்விடும். அந்த ஈரத்தில் கரைந்திருந்த உப்பு மட்டும் மேற்பரப்பில் தங்கிப் படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டுமென்பதால் மேலே இருப்பதைத் தள்ளி உதிர்க்கும். அந்தக் காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தார்கள். உப்போடு சேர்ந்து உதிர்ந்ததைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, புதுச் சுண்ணாம்பு ஒரு கை ஏற்றிவிடுவார்கள். உதிர்வது பூச்சாக இருந்தது, உள்ளே செங்கல் பிழைத்தது. அதனால்தான் கிட்டத்தட்ட நூறு வருடம் ஆன சுவர் இன்னும் நிற்கிறது. அந்தச் சுவரின் மேல் எதைப் போட்டாலும் இந்த வழி திறந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். வழியை அடைத்தால் ஈரம் நிற்காது. இன்னும் மேலே ஏறி, அடைப்பு முடியும் இடத்தில் வெளியே வரும்.

பூச்சைப் பற்றி யோசிக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கறை தரையிலிருந்து ஏறி ஒரே உயரத்தில் கோடு போட்ட மாதிரி நின்றால் அது தரை ஈரம். மேலிருந்து இறங்கினால் ஓடு விலகியிருக்கிறது, அல்லது முற்றத்துக் கூரைத் தகரத்தில் ஓட்டை. நடுச் சுவரில் தனியாகத் திட்டு தெரிந்தால் பின்பக்கம் குழாயோ குளியலறையோ இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் வைத்துச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம்தான், அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

வெளியே போய்ச் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். நம் ஊர்களில் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமலேயே அதன் மேல் புதுச் சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் நாலு படி ஏறிப் போன திண்ணை இப்போது தெருவுக்குச் சமமாக நிற்கிறது. மழைத் தண்ணீர் சுவரடியில் தேங்குகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு ஒரு ஓடை வெட்டி ஜல்லி நிரப்பித் தண்ணீரை வெளியே வடித்துவிடுவதுதான் முதல் செலவு. சுவரை ஒட்டி வெளியே சிமென்ட் தளம் போட்டிருந்தால் அதையும் ஓரடிக்கு உடைத்து எடுத்துவிடுங்கள். தளத்துக்கு அடியில் மாட்டிய ஈரத்துக்குச் சுவரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தை அறையாக மாற்றியிருந்தால் அந்தச் சுவரைத் தனியாகக் கவனியுங்கள். வருடக்கணக்கில் கோமியம் ஊறிய சுவரில் நைட்ரேட் உப்பு ஏறியிருக்கும். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். தரையிலிருந்து ஒரு சொட்டு ஏறாவிட்டாலும் ஐப்பசி மழையில் அந்தச் சுவர் வியர்க்கும். உப்பு மூட்டை அடுக்கிவைத்த அறைக்கும் இதே கதைதான்.

இனி மேஸ்திரி சொன்னதற்கு வருவோம். சிமென்ட் பூச்சு இறுக்கமானது, விறைப்பானது. நாட்டுச் செங்கலும் சுண்ணாம்பும் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், சிமென்ட் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும். உள்ளே வந்த ஈரம் சிமென்ட் வழியாக வெளியேற முடியாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கும், உப்பும் அங்கேயே படியும். முதல் ஒன்றிரண்டு வருடம் சுவர் கண்ணாடி போல இருக்கும். அப்புறம் தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கென்று உள்ளீடற்ற சத்தம் வரும். கடைசியில் பலகை பலகையாகக் கழன்று விழும்போது செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். காரை உதிர்ந்தால் மறுபடி பூசலாம், செங்கலே போய்விட்டால் என்ன செய்வது? பட்டியும் எமல்ஷனும் மெல்லியதாக இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். வெள்ளைச் சிமென்ட் பட்டியின் மேல் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கை ஏறியதும் அது ஒரு பிளாஸ்டிக் தோல்தான். இப்போது உங்கள் சுவரில் உதிர்கிறது என்றீர்களே, அது பெரும்பாலும் இப்படி முன்பு அடித்த பெயின்டாகத்தான் இருக்கும்.

பேனல் விஷயத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் பேனலைக் கழற்றும்போது கூட இருந்தேன். முன்னால் மார்பிள் டிசைனில் பளபளவென்று இருந்தது. கீழ் ஓரத்தில் முதல் பலகையை நெம்பியதும் பூசணம் பிடித்த வாடை குப்பென்று அடித்தது. பேனலைத் தாங்கிய மரச் சட்டத்தை விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது, அவ்வளவும் கரையான். சட்டத்தின் ஓரமாகவே மண் வரி போட்டுக் கூரைக் கைமரம் வரைக்கும் ஏறிப் போயிருந்தது. பேனல் போடும் முன்பு இடுப்பளவில் இருந்த ஈரக் கறை இப்போது ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தது. அந்தக் கைமரங்கள் பர்மா தேக்கு. சுவரை மறைக்கப் போட்ட பேனல் கரையானுக்கு ஏணியானது. மரத்துக்குப் பதில் அலுமினியச் சட்டம் போட்டாலும் பின்னால் இருக்கும் இருட்டும் ஈரமும் மாறப்போவதில்லை. ஈரச் சுவரை மறைத்தால் அங்கே என்ன நடக்கிறது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும், எனக்கு அதுதான் பெரிய பயம்.

ஜிப்சம் பூச்சும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ஈரத்தில் இளகிவிடும், அந்தச் சுவர்களுக்கு அவை வேண்டவே வேண்டாம். துளையிட்டு ரசாயனம் செலுத்தி ஈரத்தை நிறுத்தித் தருவதாகச் சொல்லி ஆட்கள் வருவார்கள். செங்கலும் சாந்தும் கெட்டியாக இருக்கும் சுவரில் அது ஓரளவு பயன் தரும். மண் சாந்தில் கட்டிய தடிமனான சுவரில் மருந்து சீராகப் பரவாது. அதை மட்டும் நம்பிப் பெரிய தொகை போடாதீர்கள்.

சரி, சுண்ணாம்பு வேலை எப்படிச் செய்வது? கொத்த ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம்.

ஒன்று, எதைக் கொத்துகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு கொத்துங்கள். பல அடுக்கு பெயின்டுக்கும் டிஸ்டம்பருக்கும் அடியில் பழைய மெருகுப் பூச்சு இருக்க வாய்ப்புண்டு. செட்டிநாட்டு வீடுகளில் பிரபலமான வேலை இது. சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து, முட்டை வெள்ளைக் கருவெல்லாம் சேர்த்து, மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். மற்ற ஊர்களில் வசதியான குடும்பங்களும் கூடத்துக்கு மட்டும் இதைச் செய்துகொண்டது உண்டு. காய்ந்த இடமாகப் பார்த்து, கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்டை மெதுவாகச் சுரண்டுங்கள். அடியில் வெள்ளை வெளேரென்று, தொட்டால் சில்லென்று, லேசாகப் பளபளக்கும் பரப்பு தெரிந்தால் அங்கே உளி படவே கூடாது. பெயின்டை மட்டும் பொறுமையாக எடுத்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும். அந்தப் பூச்சை மறுபடி அதே தரத்தில் செய்யத் தெரிந்த கைகள் இப்போது மிகக் குறைவு.

இரண்டு, பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் போகக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமலைக் காய்ந்த நிலையில் மணல்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் உடம்பில் சேரும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டச் சொல்லுங்கள். வேலை செய்பவர்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தச் சில நாள் வேறு வீட்டில் இருக்கட்டும். சுரண்டியதைக் கொல்லையில் கொட்டாமல் மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கறை நிற்கும் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரைக்கும் கெட்டுப்போன பூச்சை எடுத்துவிடுங்கள். இடுக்குகளில் மாவாகிப்போன சாந்தையும் சுரண்டுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, தரையில் விழுந்ததை உடனே அள்ளிவிட வேண்டும். கழுவிவிடாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். அப்புறம் சுவரை அப்படியே திறந்து போட்டு முடிந்தவரை காயவிடுங்கள். தை, மாசியில் கொத்தினால் சித்திரை, வைகாசி வெயில் முழுக்கச் சுவருக்குக் கிடைக்கும். கொட்டகைச் சுவர் மாதிரி உப்பு மிகுந்த இடத்தில், நல்ல தண்ணீரில் ஊறவைத்து மசித்த காகிதக் கூழை அப்பிக் காயவிட்டு உரித்தெடுத்தால் கூழோடு கொஞ்சம் உப்பும் வந்துவிடும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

கலவைக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்துக் கழுவிய மணல் மூன்று பங்கு என்பது பொதுவான அளவு. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் பூச்சுக்கென்று விற்கும் எம் சாண்ட் போதும், தூள் அதிகம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏறும் கீழ்ப்பகுதிக்கு மணலில் கொஞ்சத்தைக் குறைத்து, நன்றாகப் பொடித்த செங்கல் தூள் சேர்த்தால் ஈரத்திலும் சுண்ணாம்பு இறுகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேலைக்கு வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள். உப்பை எடுக்கத்தான் இவ்வளவு பாடு.

கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பது நம் பக்கத்துப் பழைய முறை. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரையவைக்கிறது, கலவை கரணைக்கு வழுக்கிக்கொண்டு வரும். தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அவர் கைப்பக்குவத்துக்கு விட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் வெறும் சுண்ணாம்பும் மணலுமே நல்ல பூச்சுதான், கடுக்காய் இல்லையே என்று வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். மேஸ்திரி எவ்வளவு வற்புறுத்தினாலும் 'ஒரு கை சிமென்ட்' மட்டும் கலக்கவிடாதீர்கள்.

பூசும் முன் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். ஒரு அடுக்கு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அது இறுகிய பிறகுதான் அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது, அது மெதுவாக நடக்கும் வேலை. அவசரமாகக் காய்ந்தால் கல்லாகாமல் பொடியாகும். அதனால் கத்திரி வெயிலில் பூச வேண்டாம். வெயில் தணிந்து, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஆடி, ஆவணியில் பூசி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வாருங்கள். செலவு சிமென்ட்டைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். பொருளைவிடக் கூலியும் காத்திருக்கும் நாளும்தான் அதற்குக் காரணம்.

மேலே அடிக்கும் சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டி, நனைத்த சுவரில் மெல்லியதாக மூன்று நாலு கை அடிக்க வேண்டும். அடிக்கும்போது கண்ணாடித் தண்ணீர் மாதிரி ஒன்றுமே தெரியாது. பார்ப்பவர் 'இன்னும் கெட்டியாகக் கரை' என்பார், கேட்காதீர்கள். கெட்டியாக அடித்தால் சட்டையில் ஒட்டும், ஏடாக உரியும். மெல்லிய கையாக அடித்தது காயக் காயத்தான் வெளுக்கும். நிறம் வேண்டுமென்றால் செங்காவி, மஞ்சள் காவி, நீலம் என்று சுண்ணாம்புக் காரத்தைத் தாங்கும் பொடிகளைக் கொஞ்சமாகக் கலக்கலாம். கடையில் 'லைம்' என்று பெயர் போட்டு வரும் டப்பாக்களில் சில அக்ரிலிக் கலந்தவை, என்ன சேர்த்திருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அடிப்பவர் கண்ணாடி போடாமல் ஏணியில் ஏறக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் முதல் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் அடிச்சுவர் கொஞ்சம் கறுக்கும், ஆங்காங்கே உப்பும் பூக்கும். பதறாதீர்கள். மீதி உப்பு வெளியே வருகிறது என்று அர்த்தம். காய்ந்ததும் தட்டிவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கை அடித்தால் போதும். பீரோவையும் சோபாவையும் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

சமையலறையில் மேடைக்கு மேலே எண்ணெய் தெறிக்கும் இரண்டடிக்கு மட்டும் டைல் ஒட்டலாம், கூரை வரை ஏற்ற வேண்டாம். குளியலறை புதிதாகக் கட்டுவதாக இருந்தால் பழைய சுவரில் டைல் ஒட்டாமல், சிறிது இடைவெளி விட்டுத் தனியாக நாலரை அங்குலச் சுவர் எழுப்பி அதில் குழாயும் டைலும் வையுங்கள்.

வால்பேப்பருக்கு மாடி அறையின் உள்சுவர்தான் நல்ல இடம், அல்லது நீங்கள் புதிதாக எழுப்பும் தடுப்புச் சுவர். பாலிதீன் சோதனையை மழைக்காலத்தில் ஒரு தடவை செய்து, சுவர் காய்ந்திருக்கிறது என்று உறுதியான பிறகு வாங்குங்கள். கடையில் அதிகம் கிடைப்பது வினைல் ரகம், அது ஈரத்தை வெளியே விடாது. நெய்யாத இழை ரகமென்று கேட்டால் காட்டுவார்கள், பழைய வீட்டுக்கு அது மேல். இராமபாணப் பூச்சிக்குப் பசை பிடிக்கும் என்பதால் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒட்ட வேண்டாம். சாதாரண ரோல் ஒன்று 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், சுமார் 57 சதுர அடி. பன்னிரண்டு அடி நீளம், பத்தடி உயரச் சுவருக்கு ஏழு பட்டை வேண்டும். ஒரு ரோலில் பத்தடிப் பட்டை மூன்றுதான் தேறும். ஆகவே மூன்று ரோல் வாங்குங்கள். பூ டிசைன் பெரிதாக இருந்தால் பட்டைக்குப் பட்டை பொருத்துவதில் நீளம் வீணாகும். அப்போது ஒரு ரோலில் இரண்டு பட்டைதான் கிடைக்கும், நாலு ரோல் ஆகிவிடும். எல்லா ரோலிலும் தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள், எண் மாறினால் சாயம் மாறித் தெரியும்.